தங்கபாய் சித்தியின் ரேடியோ ஏலத்தில் போனது

சேத்தூரிலிருந்து ராஜபாளையம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் தேவஇரக்கம் கண்டக்டர். ஆளைப் பார்த்தால் ஐம்பது வயது சொல்லலாம்; வாயைத் திறந்தால் அதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். தளவாய்புரம் விலக்கில் நைட்டி மூட்டையோடு ஏறுகிறவரிடம், "மூட்டைக்கு லேடீஸ் சீட்டா, ஜென்ட்ஸ் சீட்டா?" என்று கேட்பார். தூங்கி வழிகிறவரைத் தட்டி, "ஒம்ம ஸ்டாப்பு போயிருச்சே" என்பார். அந்த மனுசன் பதறிப் பையைத் தூக்கியதும், "இல்ல, இன்னும் வரல. ஒறங்குதீரோன்னு பாத்தேன்" என்பார்.

யாரும் கோபித்துக்கொண்டதில்லை. தேவஇரக்கம் வாயில் வருவதெல்லாம் காற்றோடு போவது என்று அந்த ரூட்டில் எல்லோருக்கும் தெரியும். சொத்து என்று அவருக்கு வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த ஒரு பேர்தான். அந்தப் பேரை வைத்துத்தான் அவர் ஒரு விதவையின் ரேடியோவை வாங்கினார்.

அவர் குடியிருப்பது ராஜபாளையத்தில். வேதக்கோயில் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில், மனைவி ஜெனிலா பிறந்து வளர்ந்த சபை. "பொண்ணு எடுத்த எடத்துலதான் கர்த்தரும் இருக்காரு, மாமனாரையும் கர்த்தரையும் ஒரே டிக்கெட்டுல பாத்துட்டு வந்துருவேன்" என்பார்.

அங்கே அறுப்புப் பண்டிகை விசேஷம். வயல் உள்ளவன் நெல், தோப்பு உள்ளவன் தேங்காய், ஒன்றும் இல்லாதவன் கொல்லையில் காய்த்த பூசணி என்று காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம். இதில் மலிவாக எடுத்தால் கேவலம். ஒரு எலுமிச்சம்பழம் ஆட்டுக்கிடாய் விலைக்குப் போகும். எடுத்தவன் பழத்தைக் கையில் வாங்கிய சூட்டோடு "மறு ஏலம்" என்பான். பழம் திரும்ப மேசைக்குப் போய் இன்னொரு தடவை காசு சேர்த்துக் கொடுக்கும். கொடுத்தவனே தன் பொருளை ஏலத்தில் திரும்ப எடுப்பதும் உண்டு. காணிக்கையும் கொடுத்தாச்சு, கோழியும் வீடு வந்தாச்சு.

அந்த வழியில் வந்ததுதான் தங்கபாய் சித்தி வீட்டு வால்வு ரேடியோ. சித்தி என்றால் சொந்தச் சித்தி இல்லை. சபையில் எல்லோருக்கும் சித்தி. அவள் புருசன் அருமைநாயகம் தபால்காரர். வயல் இல்லை, தோப்பு இல்லை, கோழி வளர்த்தால் கீரி கொண்டுபோய்விடும். ஒரு வருசம் பண்டிகைக்கு வெறும் கையோடு போக வெட்கப்பட்டு, வீட்டில் இருந்த ஒரே உருப்படியான சாமானைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். தேக்குப் பெட்டி, துணி போட்ட முகப்பு, விரலுக்கு வழுவழுவென்று இருக்கும் வெள்ளைக் குமிழ்கள். ஏலத்தில் தானே அதை எடுத்து, மறுபடியும் தலையில் வைத்துக்கொண்டு போனார். சபை சிரித்தது. அடுத்த வருசமும் கொண்டுவந்தார். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. டிரான்சிஸ்டர் வந்தது, டிவி வந்தது, செல்போன் வந்தது, அருமைநாயகம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். ரேடியோ மட்டும் வருசா வருசம் கோயிலுக்கு வந்து, ஏலம் போய், வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

அந்த ஏலத்தில் சித்திக்கு மேல் ஏற்றிவிடுவது தேவஇரக்கத்தின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவராக எடுத்துக்கொண்டது. சித்தி ஒரு தொகை சொன்னால் இவர் அதற்கு மேல் சொல்வார். இப்படியே போய் ஒரு கட்டத்தில் கையைத் தூக்கி, "இதுக்கு மேல ஏலாது சித்தி, பொண்டாட்டி அடிப்பா" என்று ஒதுங்குவார். சனம் சிரிக்கும். கோயிலுக்குக் காசு சேரும். ரேடியோ சித்திக்கு.

வினை எங்கே வந்தது என்றால், போன வருசம் அதை அவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்ததில். அதுவரை அவர் அதை வெறும் பெட்டியாகத்தான் பார்த்திருந்தார். சித்தி, "இருலே, காப்பி குடிச்சிட்டுப் போ" என்று சொல்லிக்கொண்டே ஸ்விட்சைப் போட்டாள். செத்த நேரம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே ஏதோ முனகியது. ஸ்டேஷன் காட்டும் முள்ளுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் வந்தது. ஓரத்தில் பூனைக்கண் மாதிரி ஒரு பச்சை வெளிச்சம் மெதுவாகத் திறந்தது. சித்தி குமிழைத் திருப்பத் திருப்ப அந்தக் கண் விரிந்து சுருங்கியது. எங்கேயோ ஒரு ஆள் மழை அறிவிப்பு வாசித்தார். பக்கத்துப் பாயில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, சூடான குரல்.

காப்பி ஆறிப்போனது தேவஇரக்கத்துக்குத் தெரியவில்லை.

அன்றைக்குப் பிடித்தது ஆசை. வாய் விட்டுக் கேட்டும் பார்த்தார். "சித்தி, இத எனக்குக் குடுத்துருங்க. வெலயச் சொல்லுங்க."

சித்தி சிரித்தாள். "ஒனக்கு எல்லாமே வெளயாட்டுலே."

இன்னொரு நாள் கேட்டார். அதற்கும் சிரிப்புதான். நிசமாகக் கேட்டாலும் யாரும் நம்பாத வாய் அவருடையது.

இந்த வருசப் பண்டிகையிலும் ரேடியோ மேசைக்கு வந்தது. ஏலம் விட்டது கிளாட்வின். சபைக் கமிட்டியில் இருப்பவன், பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான்.

"அருமைநாயகம் ஐயா ரேடியோ," என்றான். "அதே ரேடியோ, அதே ஆளுக. ஆரம்பிங்க."

சித்தி ஆரம்பித்தாள். இவர் ஏற்றினார். சித்தி ஏற்றினாள். இவர் இன்னும் ஏற்றினார்.

"ஏலே, ஒம் பஸ்ஸ வித்தாலும் அம்புட்டு வராது," என்றாள் சித்தி.

"பஸ்ஸு மொதலாளிது சித்தி. வித்தா எனக்கென்ன நட்டம்?"

வழக்கமாக அவர் கையைத் தூக்குகிற தொகை வந்தது. தாண்டியும் போனது. கை எழவில்லை. சனத்துக்குக் குஷி. "அண்ணாச்சி இன்னிக்கு ஒரு முடிவோட வந்திருக்காரு" என்றான் கிளாட்வின். அதுவரை விளையாட்டுதான் என்று பின்னால் தேவஇரக்கம் தனக்குத்தானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். எந்த இடத்தில் விளையாட்டு நின்றது என்று அவரால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. நின்றது மட்டும் தெரியும்.

சித்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்திலும் ஒரு குறும்பு வந்தது. இத்தனை காலம் நம்மை ஏற்றிவிட்டு நழுவுகிறவன், இன்றைக்கு இவன் தலையிலேயே கட்டிவிட்டால் என்ன என்று நினைத்திருப்பாள். சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். "எனக்குப் போதும். தேவஇரக்கமே எடுத்துக்கிடட்டும்."

கோயில் வாசலே சிரித்தது. "மாட்டுனாருடி கண்டக்டரு" என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். கிளாட்வின் மூன்று தரம் சொல்லி முடித்தான். அடுத்து என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தேவஇரக்கம் "மறு ஏலம்" என்பார். ரேடியோ மேசைக்குப் போகும். சித்தி ஒரு தொகை சொல்வாள். யாரும் எதிர்க்க மாட்டார்கள்.

"மறு ஏலம்தான அண்ணாச்சி?" என்று கேட்டபடியே கிளாட்வின் ரேடியோவை மேசையின் நடுவுக்கு நகர்த்தினான்.

"இல்ல," என்றார் தேவஇரக்கம். "வீட்டுக்கு."

அப்போதாவது சிரிப்பு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அதையும் ஒரு வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சனம் இன்னும் பலமாகச் சிரித்தது. சித்தியும் சிரித்தாள். அவர் ரேடியோவைத் தூக்கித் தோளில் வைத்து, கேட்டைத் தாண்டி, ஆட்டோவில் ஏற்றுகிற வரைக்கும் சிரித்தார்கள். ஆட்டோ கிளம்பும்போது திரும்பிப் பார்த்தார். சித்தி மட்டும் பெஞ்சிலிருந்து எழுந்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, வேடிக்கை எப்போது முடியும் என்று பார்க்கிற மாதிரி நின்றாள்.

வீடு வருகிற வரை ஜெனிலா பொறுத்தாள். வந்ததும் கேட்டாள். "எப்பக் கொண்டுபோய்க் குடுக்கப் போறீங்க?"

"எத?"

"எந் தலைய."

"ஏலத்துல எடுத்தது ஜெனி. காசு கோயிலுக்குத்தான போச்சு? சாத்தானுக்கா போச்சு?"

"காசக் கர்த்தர்கிட்டக் குடுத்துட்டு, ரேடியோவ சித்திகிட்டக் களவாண்டிருக்கீங்க. ரெண்டையும் ஒரே கணக்குல எழுதாதீங்க."

அவர் ரேடியோவை ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்து ஸ்விட்சைப் போட்டார். முனகல் வந்தது, மஞ்சள் வெளிச்சம் வந்தது, பச்சைக் கண் திறந்தது. திறந்து அவரையே பார்த்தது. குமிழைத் திருப்பினார், சுருங்கிப் பார்த்தது. இந்தப் பக்கம் திருப்பினார், விரிந்து பார்த்தது. கடைசியில் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கண்ணின் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தார். துண்டுக்கு அடியிலிருந்து யாரோ ஒரு அதிகாரி தென்னையில் வரும் வெள்ளை ஈயைப் பற்றி நெடுநேரம் பேசினார். ஆசைப்பட்ட குரல் அப்படியேதான் இருந்தது. கேட்கத்தான் முடியவில்லை.

ஜெனிலா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எதுக்கு முக்காடு போட்டிருக்கீங்க அதுக்கு? எழவு வீட்டுத் துட்டிக்கு வந்த பொம்பள மாதிரி இருக்கு."

மறுநாள் பஸ்ஸில், ஊர் திட்டும் என்று எதிர்பார்த்துத்தான் ஏறினார். திட்டினால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம், நாலு பதில் தயாராகவே வைத்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறிய சபைப் பெண்கள் இவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "என்ன கண்டக்டரே, நாடகம் இன்னும் முடியலியா?" என்று கேட்டாள் ஒருத்தி. டிக்கெட்டை வாங்கிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "சித்தி சொல்லுதாக, 'அவன் செத்த வெளயாடிட்டுக் கொண்டாருவான், அதுவரைக்கும் பத்தரமா வச்சிருப்பான்'னு. ரேடியோ வைக்க முக்காலியெல்லாம் தொடச்சுத் தயாரா வச்சிருக்காக."

தேவஇரக்கம் அவளுக்கு மீதிச் சில்லறை கொடுக்க மறந்தார். பிறகு இரண்டு தடவை கொடுத்தார்.

ராஜபாளையத்தில் பஸ் நின்றபோது டிரைவர் வேல்சாமி டீக்கடையில் கேட்டார். "என்ன மாப்ள, காலையிலேருந்து ஒரு பேச்சும் காணும். சளி புடிச்சிருக்கா?"

தேவஇரக்கம் முழுக்கதையையும் சொன்னார். விளையாட்டுக்கு இல்லை, ஆசைப்பட்டுத்தான் எடுத்தேன் என்று அதுவரை யாரிடமும் சொல்லாததையும் சொன்னார். வேல்சாமி டீயை ஊதிக் குடித்தார்.

"எங்க கோயில்ல ஏலத்துல எலுமிச்சம்பழம் எடுத்தா புள்ள பொறக்கும்பாக. நீ ரேடியோவ எடுத்து ஒறக்கத்தத் தொலச்சிருக்க."

"நான் என்னல செய்ய?"

"களவாண்ட பயல ஊரு களவாணின்னு சொல்லிட்டா அவனுக்கு நிம்மதி. ரெண்டு அடி குடுப்பாக, முடிஞ்சிரும். ஒன்ன ஊரே நல்லவன்ங்குது மாப்ள. நீ தொலஞ்ச." கிளாசை வைத்தார். "கொண்டுபோய்க் குடுத்துட்டு வெளயாட்டுன்னு சொல்லிரு. யாருக்குத் தெரியப் போவுது?"

நல்ல யோசனைதான். தேவஇரக்கத்துக்கும் அதேதான் தோன்றியிருந்தது. வாரத்தில் அவருக்கு ஓய்வு கிடைத்த நாளில் ரேடியோவைப் போர்வையில் சுற்றித் தன் பஸ்ஸிலேயே ஏற்றினார். தன் சீட்டில் அதை உட்கார வைத்து, தான் நின்றுகொண்டு போனார்.

சித்தி கதவைத் திறந்தவள், போர்வையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "வந்துட்டியாலே. நேத்தே வருவன்னு நெனச்சேன். உள்ள வை, உள்ள வை."

முக்காலி நிசமாகவே துடைத்து வைத்திருந்தது. மேலே புதுத் துணிகூட விரித்திருந்தாள். தேவஇரக்கம் ரேடியோவைக் கையில் வைத்தபடி நின்றார். வைத்துவிட்டு, 'எப்படி சித்தி நம்ம வெளயாட்டு' என்று கேட்டால் போதும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். சந்தேகத்தின் நிழல்கூட இல்லாத முகம். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொன்னால் ரேடியோவை மறுபடியும் ஒரு தடவை எடுத்த மாதிரி.

"சித்தி, வெளயாட்டு இல்ல. நெசமாத்தான் எடுத்தேன்."

சித்தி சிரித்தாள்.

"நெசமா சித்தி. எனக்கு இது மேல ஆச. நீங்க என்னைய நம்பி உக்காந்தீங்க. அது தெரிஞ்சேதான் மறு ஏலம் சொல்லல."

சிரிப்பு நின்றது. இந்த வாயிலிருந்து வந்ததை நம்புவதா என்று அவளுக்குச் சிரமமாக இருந்திருக்கும். பிறகு முக்காலிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"அப்ப இங்க வைக்காத."

"சித்தி..."

"வெளயாட்டுக்கு எடுத்திருந்தா நான் வாங்கிக்கிடுவேன். நெசமா எடுத்திருக்க. காணிக்கைக்குக் காசு குடுத்திருக்க. பொறவு அத நான் சும்மா வாங்கி வச்சுக்கிட்டா, எங்க வீட்டுக்காரவிய தலையில சொமந்து கொண்டுபோய்க் குடுத்ததுக்கு என்ன அர்த்தம்?"

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுதீய?"

"ஏலத்துல போனது ஏலத்துலதான் வரணும்." கதவுப் பக்கம் நகர்ந்தாள். "கடேசி பஸ்ஸு வரைக்கும் நிக்காத, மழ வரும் போலருக்கு. நனையாமக் கொண்டு போ."

கோபமாகச் சொல்லவில்லை. மரத்துக்கு ஈரம் ஆகாது என்பதற்காகச் சொன்னாள். திரும்பி வரும்போது ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டார். பொய் சொல்லியிருந்தால் அது இப்போது முக்காலியில் இருக்கும் என்று கிருஷ்ணன்கோயில் பக்கம் போகிற ஒரு பஸ் எதிரே கடந்தபோது தோன்றியது. உண்மையைச் சொல்லி அதையும் கெடுத்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் சின்னதாக ஒரு ஏலம் நடக்கும். யார் வீட்டுக் கோழி முட்டையோ, முருங்கைக்காயோ காணிக்கையாக வந்திருக்கும். அடுத்த பண்டிகை வரை காத்திருக்கத் தேவஇரக்கத்துக்குத் தைரியம் இல்லை. அந்த ஞாயிறே ரேடியோவைக் கொண்டுபோய் முருங்கைக்காய்க் கட்டுக்குப் பக்கத்தில் காணிக்கையாக வைத்தார். கையில் கொடுத்து முடிய வேண்டிய காரியம் மேசைக்கு வந்திருக்கிறது என்றதுமே, அன்றைக்கு அவர் நிசமாகத்தான் எடுத்திருக்கிறார் என்று சபைக்குப் புரிந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிலர் ரேடியோவைப் பார்த்தார்கள், சிலர் அவரைப் பார்த்தார்கள், ஜெனிலா தரையைப் பார்த்தாள்.

முருங்கைக்காய் போனது. கிளாட்வின் ரேடியோவைத் தொட்டு, "அருமைநாயகம் ஐயா ரேடியோ" என்றான். 'அதே ஆளுக' என்று சொல்லவில்லை.

சித்தி, முருங்கைக்காய் என்ன விலைக்குப் போனதோ அதையே சொன்னாள்.

எல்லோரும் தேவஇரக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாயை இறுக்க மூடிக்கொண்டார். இந்த வாயால் வந்தது போதும் என்று இருந்தது. கிளாட்வின் ஒரு தரம் என்றான், இரண்டு தரம் என்றான், இழுத்து இழுத்து மூன்று தரம் என்றான். இவர் அசையவில்லை. ரேடியோ முருங்கைக்காய் விலைக்கு சித்திக்குப் போனது.

சித்தி எழுந்தாள். "மறு ஏலம்."

கிளாட்வினுக்குப் புரியவில்லை. "சித்தி, ஒங்களுக்குத்தான் வந்திருச்சு."

"இந்த வெலைக்கு எடுத்துட்டுப் போனா அவிய மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? இவன் ஏத்துவான்னுதான கொறச்சு ஆரம்பிச்சேன்?" அவர் பக்கம் திரும்பினாள். "ஏத்தக் கூடாத அன்னிக்கு ஏத்துன. ஏத்த வேண்டிய அன்னிக்கு வாய மூடிட்டு நிக்க. தெறலே."

தேவஇரக்கம் தொண்டையைச் செருமி ஒரு தொகை சொன்னார். குரல் அவருக்கே வேற்றாள் குரல் மாதிரி கேட்டது.

கிளாட்வின் தயங்கினான். "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. இது வெளயாட்டா, நெசமா?"

இத்தனை வருசத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"ஏத்துறது நெசம்," என்றார். "எடுக்குறது வெளயாட்டு."

சித்தி அதற்கு மேல் சொன்னாள். இவர் அதற்கு மேல். ஒவ்வொரு தடவையும் அவள் வாய் திறக்கும் வரைக்கும், எங்கே உட்கார்ந்துவிடுவாளோ என்று அவர் அவளுக்குப் பின்னால் இருந்த பெஞ்சையே பார்த்தார். அவள் உட்காரவில்லை. போதும் என்று தோன்றிய இடத்தில் கையைத் தூக்கினார். "ஏலாது சித்தி" என்று மட்டும் சொன்னார். பொண்டாட்டியை இழுக்கவில்லை. கிளாட்வின் மூன்று தரம் சொன்னான். கோயிலில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை ரேடியோவைத் தூக்கிக்கொண்டு சித்திக்கு முன்னால் ஆட்டோவுக்கு நடந்தார்.

மேசையில் மீதி இருந்தது ஒரு கூடை நாட்டுக்கோழி முட்டை. ஏலத்தைக் கொஞ்சம் கலகலப்பாக்கலாம் என்று தேவஇரக்கம் சத்தமாக ஒரு விலை சொன்னார். சின்ன விலைதான். மேலே யாராவது ஏற்றுவார்கள், நாலு பேச்சு வரும், நாலு சிரிப்பு வரும்.

யாரும் ஏற்றவில்லை. விளையாட்டு எங்கே நிசமாகிவிடுமோ என்று இவரோடு எதிர்த்து ஏலம் கேட்க அங்கே ஆள் இல்லை. கிளாட்வின் ஒரு தரம் என்றான். இரண்டு தரம் என்றான்.

தேவஇரக்கம் அதற்கு மேல் ஒரு விலை சொன்னார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு மேல நீங்களே ஏத்துதீங்க."

"தெரியும்லே. நீ சொல்லு."

கிளாட்வின் சொன்னான். இவர் அதற்கும் மேல் சொன்னார். அதற்கும் மேல். பெண்கள் பக்கம் ஜெனிலா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கேட்டுக்கு வெளியே ஆட்டோ கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தது. சித்தி மடியில் ரேடியோவோடு, தலையை மட்டும் வெளியே நீட்டி இந்தப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முட்டை விலை ஒரு கிடாய் விலையைத் தொட்டபோது அவள் டிரைவரிடம் ஏதோ சொன்னாள். ஆட்டோ புறப்பட்டுப் போனது. அவள் சிரித்தாளா இல்லையா என்று அவருக்கு இங்கிருந்து தெரியவில்லை. அவர் இன்னும் ஒரு தடவை ஏற்றினார்.